நெட்வொர்க் சுவிட்ச் மாத்தியும் ஸ்லோவா? சேலத்துல நான் அடிக்கடி பாக்கற தப்புங்க

போன முகூர்த்த சீசன்ல சூரமங்கலம் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோல இருந்து போன். (சுவிட்ச்னா லைட்டு போடற சுவிட்ச் இல்லீங்க, கம்ப்யூட்டர், கேமரா, சர்வர் எல்லாத்தையும் கேபிள்ல ஒண்ணா சேக்கற டப்பா.) "தம்பி, நீ சொன்னியேன்னு ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி மாட்டிட்டேன், நெட் பேக்கும் ஏத்திட்டேன், அப்பவும் ஒரு கல்யாணத்த சர்வர்ல ஏத்த ஒரு மணி நேரம் ஆகுது"ன்னாரு அண்ணன். ஒரு கல்யாணம்னா அவரு கணக்குல சுமாரா 40 ஜிபி. ஒரு மணி நேரம்னு சொன்ன உடனே எனக்கு பாதி விஷயம் வெளங்கிருச்சு, ஏன்னா 100 எம்பிபிஎஸ் லைன்ல (டாக்டர் படிப்பு இல்லீங்க, செகண்டுக்கு எத்தன மெகாபிட்ங்கற கணக்கு) கையில கெடைக்கறது செகண்டுக்கு 11, 12 மெகாபைட் தான், 40 ஜிபிய அதால வகுத்தா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வரும். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஒழுங்கா ஓடுனா செகண்டுக்கு 110 மெகாபைட் கிட்ட வரும், ஆறேழு நிமிஷத்துல முடிஞ்சிரணும். அப்போ சுவிட்ச் ஜிகாபிட்டா இருந்தும் எங்கயோ லைன் 100ல எறங்கி நிக்குது.

நேர்ல போய் கம்ப்யூட்டர்ல ஈத்தர்நெட் (கேபிள் வழியா வர்ற கனெக்ஷன்) ஸ்டேட்டஸ தொறந்தா அதே தான், 1000க்கு பதிலா 100/100. சுவர்ல இருந்த டப்பாவ கழட்டி பாத்தேன். முன்ன வந்த ஆளு ஒரே கேபிள ரெண்டா பிரிச்சு ரெண்டு கம்ப்யூட்டருக்கு குடுத்திருக்காரு. ஈத்தர்நெட் கேபிளுக்குள்ள நாலு ஜோடி, எட்டு கம்பி. பழைய 100 எம்பிபிஎஸுக்கு ரெண்டு ஜோடி போதும், அதனால "மிச்சம் சும்மா தானே கெடக்கு"ன்னு மிச்ச ரெண்டு ஜோடியில இன்னொரு கனெக்ஷன் குடுக்கற பழக்கம் நம்மூர்ல ரொம்ப நாளா இருக்கு. கேபிள் காசு மிச்சம் தான், ஆனா ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ நுனியில பிளக்க அழுத்தி மாட்டற கிரிம்ப் சரியா கடிக்கலேன்னாலோ சுவிட்சும் கம்ப்யூட்டரும் 100க்கு எறங்கிக்கும், சில நேரம் லிங்க்கே வராது. 100க்கு எறங்குனா யாருக்கும் சொல்லாம எறங்கிடும். அது தான் பிரச்சனையே, நின்னு போனா உடனே கூப்பிடுவாங்க, மெதுவா ஓடுனா வருஷக்கணக்கா அப்படியே பழகிடுவாங்க.

இதுல அண்ணன் நெட் பேக் ஏத்துனாரு பாருங்க, அது இன்னொரு கூத்து. மேஜையில இருக்கற கம்ப்யூட்டர்ல இருந்து அடுத்த ரூம்ல இருக்கற சர்வருக்கு பைல் போறதுக்கும் வெளிய இருந்து வர்ற இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பைல் சுவிட்ச் வழியா அங்கயே போயிடும், ராவுட்டர் பக்கம் எட்டிக்கூட பாக்காது. அதே மாதிரி தான் தலைகீழாவும், வீட்ல 50 எம்பிபிஎஸ் பேக் வச்சுகிட்டு ஜிகாபிட் சுவிட்ச் மாட்டுனா யூடியூப் ஒண்ணும் பறக்காது. ஸ்லோன்னு யார் சொன்னாலும் நான் கேக்கற மொத கேள்வி, எங்க இருந்து எங்க போறது ஸ்லோ?

சுவிட்ச் அப்படி என்ன தான் பண்ணுது? முன்ன ஹப்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு போர்ட்ல வந்தத மத்த எல்லா போர்ட்டுக்கும் கத்திடும், ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும், ரெண்டு பேர் ஒண்ணா பேசுனா மோதி ரெண்டும் வீணாகும். சுவிட்ச் எந்த போர்ட்ல எந்த மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் இருக்கற அடையாள நம்பர்) இருக்குன்னு தானா கத்துகிட்டு அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், போக்கும் வரத்தும் ஒரே நேரத்துல நடக்கும். மொத ஈத்தர்நெட் சுவிட்ச 1990ல விட்ட கம்பெனி பேரு என்ன தெரியுமா, கல்பனா! 1994ல அத சிஸ்கோ வாங்கிடுச்சு. நம்ம பக்கத்து வீட்டு அக்கா பேர் மாதிரி இருக்கேன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம்.

சரி, கேபிள் நல்லாருக்கு, சுவிட்ச் நல்லாருக்குன்னா அடுத்து நான் பாக்கறது ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல போற லைன். ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஏற்காட்டுல இருந்து எறங்குனவங்களுக்கு தெரியும், அடிவாரத்துல ரோடு எவ்ளோ அகலமா இருந்தா என்ன, இருபது கொண்டை ஊசில ஏதோ ஒண்ணுல ஒரு பஸ் திரும்ப முடியாம நின்னா மொத்த மலையும் நிக்கும். லீ பஜார் பக்கம் ஒரு மண்டில பில்லிங் தொங்குதுன்னு கூப்பிட்டாங்க, போய் பாத்தா கேமரா ஆளுங்க எட்டு கேமராவுக்கு ஒரு பிஓஇ சுவிட்ச் (டேட்டா போற கேபிள்லயே கரண்டும் குடுக்கறது), அதுல இருந்து வால் புடிச்ச மாதிரி இன்னொரு எட்டு கேமராவுக்கு இன்னொரு சுவிட்ச், கடைசில ஒரே ஒரு லைன் ரெக்கார்டருக்கு போற வழியில ஆபீஸ் சுவிட்ச்ல ஏறுது, அந்த லைன்லயே தான் குடோன் பில்லிங் கம்ப்யூட்டரும் வருது. 4 மெகாபிக்சல் கேமரா ஒண்ணு நாலுல இருந்து ஆறு எம்பிபிஎஸ் வரைக்கும் தள்ளும்னு வச்சுக்கங்க, பதினாறு கேமராவுக்கு 64ல இருந்து 96. அப்லிங்க் போர்ட் (அடுத்த சுவிட்சுக்கு லைன் போற போர்ட்) 100. அப்புறம் பில்லிங்குக்கு எங்க வழி? வெல கம்மியான பிஓஇ சுவிட்ச் பலதுல அப்லிங்க் போர்ட்டும் 100 தான் இருக்கும், டப்பாவ திருப்பி அந்த ஒரு வரிய படிச்சு, அப்லிங்க் ஜிகாபிட்டா இருந்தா மட்டும் வாங்குங்க. வாலுக்கு வால் கட்டாம நடுவுல ஒரு நல்ல சுவிட்ச் வச்சு மத்ததெல்லாம் அதுல இருந்து நேரா பிரியணும், ரெக்கார்டரும் சர்வரும் அந்த நடு சுவிட்ச்லயே இருக்கணும். அந்த மண்டில நான் புது சாமான் ஒண்ணும் வாங்க வெக்கல, குடோனுக்கு தனியா ஒரு கேபிள் இழுத்தேன், அவ்ளோ தான்.

பிஓஇன்னு வந்ததும் இன்னொண்ணு. "கேமரா பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி மட்டும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது"ன்னு சொன்னா பேய் கீய் இல்லீங்க, வாட்ஸ் பத்தல. ராத்திரி ஐஆர் லைட் (இருட்டுல கேமரா பாக்கறதுக்கு, நம்ம கண்ணுக்கு தெரியாத வெளிச்சம்) எரியும்போது கேமரா அதிகமா கரண்ட் இழுக்கும். 802.3ஏஎஃப்ங்கற பிஓஇ கணக்குல ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்ஸ் வரைக்கும், எட்டு போர்ட்னா 123 வாட்ஸ் வேணும், ஆனா சுவிட்ச் மொத்தமே 60 வாட்ஸ் தான்னு அடியில பொடி எழுத்துல இருக்கும். எட்டு போர்ட் இருக்கேன்னு எட்டையும் நெரப்பாதீங்க, கேமரா ஒண்ணுக்கு எவ்ளோன்னு கூட்டி பாருங்க. அதோட செம்பு பூசுன அலுமினிய கேபிள்! பாக்க செம்பு மாதிரியே இருக்கும், வெல பாதி, ஆனா அலுமினியத்துக்கு தடை ஜாஸ்திங்கறதால நீளம் போகப்போக வோல்டேஜ் எறங்கி கடைசி கேமரா திணறும், ஜாயின்ட்ல சூடாகும். கம்பி நுனிய பிளேடால சொரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அப்படியே கடைக்கு திருப்பி குடுத்துருங்க.

இப்போ நான் அதிகமா பெட்ரோல் செலவழிக்கற தப்பு. போர்ட் பத்தலேன்னு வீட்ல சும்மா கெடந்த பழைய வைஃபை ராவுட்டர கொண்டு வந்து சுவிட்ச் மாதிரி சொருகிடறாங்க. அதுக்குள்ள டிஎச்சிபி ஓடிகிட்டே இருக்கும், கம்ப்யூட்டருக்கு ஐபி (நெட்வொர்க்ல அதோட விலாசம்) குடுக்கற வேலைய அதுவும் செய்யும், ஏற்கனவே இருக்கற ராவுட்டரும் செய்யும். யார் மொதல்ல பதில் சொல்றாங்களோ அவங்க குடுத்த ஐபிய கம்ப்யூட்டர் வாங்கிக்கும். காலைல கடை தொறந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணா ரெண்டுல பில்லிங் வரும், மூணுல வராது, ரீஸ்டார்ட் பண்ணா ஆள் மாறும், வைரஸ்னு நெனச்சு ஃபார்மட் அடிச்சவங்க கூட இருக்காங்க. அந்த ராவுட்டர தான் போடணும்னா டிஎச்சிபிய ஆஃப் பண்ணி, அட்ரஸ வேறயா மாத்தி, வான் போர்ட்ட (இன்டர்நெட் வர்ற போர்ட்) விட்டுட்டு லான் போர்ட்ல (கம்ப்யூட்டர் மாட்டற போர்ட்) சொருகுங்க. அதுல பலதுக்கும் போர்ட் 100 தான்ங்கறதையும் மறக்காதீங்க. அஞ்சு போர்ட் சுவிட்ச் என்ன ஆயிரக்கணக்குலயா விக்குது, ஒண்ணு வாங்கிடுங்களேன்.

லூப்ப (கேபிள் வட்டமா சுத்தி அதே சுவிட்சுக்கே திரும்பி வர்றது) பத்தி சொல்லாம விட முடியாது. ஆயுத பூஜைக்கு சுத்தம் பண்றப்ப தொங்கிகிட்டு இருந்த ஒரு கேபிள் நுனிய பாத்து "இது கழண்டு கெடக்கே"ன்னு நல்ல எண்ணத்துல காலி போர்ட்ல சொருகிட்டாரு ஒரு அண்ணன், அதோட இன்னொரு நுனி ஏற்கனவே அதே சுவிட்ச்ல தான் இருந்துச்சு. மறுநாள் ஆபீஸ் மொத்தமும் செத்துருச்சு. எல்லாருக்கும் அனுப்பற பிராட்காஸ்ட் பாக்கெட் ஒண்ணு உள்ள வந்தா அந்த வட்டத்துல சுத்திகிட்டே இருக்கும், ஈத்தர்நெட் பிரேம்ல இத்தன தடவ சுத்துனா செத்துடணும்ங்கற கணக்கே கெடையாது, சுத்த சுத்த பெருகி லைன் பூரா அதே நெரம்பிடும். சுவிட்ச்ல எல்லா லைட்டும் ஒரே தாளத்துல வெறி புடிச்ச மாதிரி மின்னுனா மொத சந்தேகம் இது தான். இதுக்கு மருந்தா ஸ்பேனிங் ட்ரீங்கறத 1985லயே ரேடியா பெர்ல்மன்ங்கற அம்மா கண்டுபுடிச்சுட்டாங்க, வட்டம் இருந்தா தானா ஒரு வழிய அடச்சிடும், ஆனா செட்டிங் ஒண்ணும் மாத்த முடியாத சாதா அன்மேனேஜ்டு சுவிட்ச்ல பெரும்பாலும் அது இருக்காது. எட்டு, பத்து கம்ப்யூட்டருக்கு மேல இருக்கற எடத்துல நடு சுவிட்சாவது மேனேஜ்டா இருக்கட்டும், அதுல ஸ்பேனிங் ட்ரீய ஆன் பண்ணி வைங்க, வாங்கி வச்சுட்டு செட்டிங்க தொடவே தொடாத ஆளுங்க தான் நெறைய.

செட்டிங்னதும், ஸ்பீட ஒரு பக்கம் மட்டும் கையால 100 ஃபுல் (போக்கும் வரத்தும் ஒரே நேரத்துல)னு போட்டுட்டு இன்னொரு பக்கம் ஆட்டோல விடாதீங்க. ஆட்டோ பக்கம் எதிர்ல இருந்து பதில் வராததால ஹாஃப் டூப்ளெக்ஸ்னு (ஒரு நேரத்துல ஒரு பக்கம் தான்) முடிவு பண்ணிடும், பிங் (லைன் இருக்கான்னு பாக்கற சின்ன சோதனை) அழகா வரும், பைல் காப்பி நத்தையா நகரும். ரெண்டு பக்கமும் ஆட்டோ, முடிஞ்சுது.

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட், பங்களாவுல நெட் இருக்கு, கீழ காட்டேஜ் ரெண்டு புதுசா கட்டி ஹோம்ஸ்டே விட்டிருக்காங்க, நடுவுல 180 மீட்டர் போல சில்வர் ஓக் மரமும் மொளகு கொடியும். செம்பு கேபிளுக்கு 100 மீட்டர் தான் எல்லை. அதனால நடுவுல ஒரு மரத்துல டப்பா கட்டி அதுக்குள்ள சுவிட்ச் வச்சு லைன நீட்டிருக்காங்க. கணக்குப்படி அது ஓடணும், ஓடவும் செஞ்சுது, பனி எறங்கற வரைக்கும். மொதல்ல டப்பாக்குள்ள ஈரம் ஏறி பின்னெல்லாம் பச்ச புடிச்சுது. அப்புறம் கோடை மழையில பக்கத்துல எங்கயோ இடி எறங்க, அந்த சுவிட்சும் பங்களா சுவிட்ச்ல மூணு போர்ட்டும் ராவுட்டரும் ஒண்ணா போச்சு. நேரா மேல விழணும்னு இல்ல, ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் வேற வேற, நடுவுல நீளமா செம்பு கம்பி, பக்கத்துல விழுந்தாலே வோல்டேஜ் அது வழியா ஓடிவந்துடும். அடுத்த வருஷமும் அதே சுவிட்ச வாங்கி அதே மரத்துல கட்டுனாங்க, அதுவும் போச்சு. மூணாவது தடவ தான் என்ன கூப்பிட்டாங்க.

ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஃபைபர் (வெளிச்சத்துல டேட்டா போற கண்ணாடி இழை கேபிள்) தான் போடணும், தூரம் அம்பது மீட்டரே இருந்தாலும். ஃபைபர்ல கரண்ட் ஓடாது, ஆனா வலுவுக்கு உள்ள இரும்பு கம்பி இல்லாத வகையா பாத்து வாங்கணும், இருந்தா இடிய அதுவே கூட்டிட்டு வரும். ரெண்டு நுனியிலயும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபர செம்பு கேபிளோட சேக்கற டப்பா, ஏ, பின்னு ஜோடியா வரும்), ஏ ஒரு பக்கம் பி ஒரு பக்கம், ரெண்டும் ஏவா வாங்கிட்டு வந்து மலைக்கும் கீழுக்கும் அலஞ்சவன் நான், அந்த இருபது வளைவும் அன்னிக்கு நாப்பதாச்சு. கன்வர்ட்டரும் ஜிகாபிட்டானு பாருங்க, 100 வகையும் அதே மாதிரி டப்பால தான் வரும். கீழ காட்டேஜ்ல கெஸ்ட்டுங்களுக்கு தனி வீலான் (ஒரே சுவிட்சுக்குள்ளயே பிரிச்ச தனி நெட்வொர்க்) போட்டு பில்லிங்கையும் கேமராவையும் பிரிச்சு விட்டேன், கெஸ்ட் யாராச்சும் எதையாச்சும் சொருகுனாலும் ஆபீஸ் பக்கம் வராது.

சேலத்துக்குள்ள பனி இல்ல, சூடு. பல சுவிட்சுக்கு 40 டிகிரி வரைக்கும் தான்னு போட்டிருக்கும், ஏப்ரல்ல நம்மூர் வெளியிலயே அத தொட்டுடும், அதுல கொண்டு போய் தகர ஷீட்டுக்கு அடியில ஃபால்ஸ் சீலிங் மேல ஒளிச்சு வச்சா? அம்மாபேட்டை பக்கம் தறி ஓடற எடத்துல பஞ்சு போய் காத்து ஓட்டைய அடச்சிடுது, மாசம் ஒரு தடவ பிரஷ்ல தட்டி விடுங்க. சுவிட்ச யுபிஎஸ்ல போடாம கம்ப்யூட்டர மட்டும் போடறவங்களும் இருக்காங்க, கரண்ட் போனா கம்ப்யூட்டர் முழிச்சுகிட்டு இருக்கும், சர்வர் கூட பேச வழி இருக்காது, பாதி பில்லுல நிக்கும்.

கடைசியா, லேபிள். இது என் தப்பு. செவ்வாய்பேட்டையில ஒரு கடைக்கு நானே ஒயரிங் பண்ணி, "எனக்கு தான் தெரியுமே"ன்னு எதுலயும் எழுதாம வந்துட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு தீபாவளி நேரத்துல ஒரு கேமரா கேபிள் மாத்த போனேன், இருபத்தி நாலும் ஒரே நீல கலர், இதா தான் இருக்கும்னு ஒண்ண புடுங்குனேன். கவுன்டர்ல வரிசையா ஆளு நிக்கறாங்க, பில்லிங் நின்னுருச்சு. மொதலாளி ஒண்ணும் பேசல, கல்லாவுல இருந்த மார்க்கர் பேனாவ எடுத்து என் கையில குடுத்தாரு.