காயம் ஆறி மலையோட்டத்துக்குத் திரும்புகிறீர்களா? இறக்கத்தைப் பழகுங்கள்

காயம் ஆறிய காலோடு மலையோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மூச்சு வாங்குமே, பழைய தெம்பு இல்லையே என்று. ஏற்றம் களைக்க வைக்கும், அவ்வளவுதான். காலைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, முழங்கால் அடிக்கு அடி அதிர்வை வாங்குகிறது, போதாக்குறைக்குச் சாய்ந்த தரையில் கணுக்கால் மடங்கப் பார்க்கிறது. அதனால் பயிற்சியை இறக்கத்தை வைத்தே திட்டமிடுங்கள்.

ஓடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார், சரி. ஆனாலும் காலை நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சமதரையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் வலி வரக்கூடாது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். நல்ல காலில் 25 தடவை வருகிறது, காயம்பட்ட காலில் 12இலேயே நடுங்குகிறது என்றால் மலைக்கு இன்னும் நேரம் வரவில்லை. சுளுக்கு விழுந்தவர்களுக்குத் தசைநார் ஆறினாலும் காலின் சமநிலை உணர்வு மந்தமாகவே இருக்கும், அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு அதுவும் ஒரு காரணம். பஸ் ஹோல்ட்டில் காத்திருக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு மூன்று வரையான வலி ஓடும்போது இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வலி நேற்றைவிடக் கூட இருந்தாலோ, வீக்கம் இருந்தாலோ அந்த வாரம் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள்.

முதல் மூன்று நான்கு வாரம் ஏறுவது மட்டும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஹப்புத்தளைப் பக்கம் என்றால் தம்பேத்தன்னை தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோட்டு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். ஓடியும் நடந்தும் மேலே போய், ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு த்ரீவீலில் இறங்கிவிடுங்கள். மெய்யாகத்தான் சொல்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹட்டன், தலவாக்கலை பக்கம் என்றால் மெயின் ரோட்டிலிருந்து மேல் டிவிசனுக்குப் போகும் எந்தத் தோட்டத்து ரோட்டும் இதற்குப் போதும்.

பிறகுதான் இறக்கம். அதையும் மருந்து மாதிரி அளந்து கொடுக்க வேண்டும். சரிவு குறைந்த ரோட்டில் பத்து நிமிடம், அத்தோடு நிறுத்துங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கும் அந்த வலி காயம் அல்ல. அடுத்த வாரம் அதே இறக்கத்தில் இறங்கினால் வலி நன்றாகக் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள், ஏனென்றால் தசை ஒரே தடவையிலேயே பழகிக்கொள்கிறது. அதனால் வாரத்துக்கு ஒரு தடவை போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கால் எப்படி இருக்கிறதென்று பார்க்கச் சிவனொளிபாதமலைக்குப் போகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேல் படி, ஏறிய அத்தனையையும் இறங்கியாக வேண்டும்.

இறங்கும் விதத்தைக் கொழுந்து மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும் அக்காமாரைப் பார்த்துக் கற்கலாம். முழங்கால் லேசாக மடிந்திருக்கும். அடி குட்டையாக, அடிக்கடி விழும். செங்குத்தான இடத்தில் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள், குதிகாலை முன்னே நீட்டிக் குத்தமாட்டார்கள். நாம் பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி பிரேக் போடுகிறோம், வழுக்குவதும் முழங்கால் நோவதும் அதனால்தான். பார்வை மூன்று நான்கு மீற்றர் முன்னால் இருக்கட்டும். தேயிலைத் தூருக்கு இடையில் மறைந்திருக்கும் கான், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால்தான் மோசமான எதிரி, மேலே இலை மூடியிருக்கும், கால் உள்ளே போன பிறகுதான் தெரியும். பாசி பிடித்த படிக்கட்டு அடுத்தது.

பாதை நனைந்திருக்குமா என்பது போட்டி நடக்கும் மாதத்தையும் இடத்தையும் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஊறிப்போய்க் கிடக்கும், அதே நேரம் பண்டாரவளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசம்பர் வாக்கில் ஊவாப் பக்கம் மழை. ஈரம் என்றால் அடிப்பக்கத்தில் பள்ளம் ஆழமான சப்பாத்து, அட்டைக்குக் காலில் சவர்க்காரம். புதுச் சப்பாத்தைப் போட்டி நாளில் போடாதீர்கள்.

வெட்டு நேரத்துக்குள், அதாவது போட்டியை முடிக்கக் கொடுக்கும் நேர எல்லைக்குள், முடிப்பீர்களா என்று பார்க்க 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன பழைய கணக்கு இருக்கிறது. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 15 கிலோமீற்றரும் 900 மீற்றர் ஏற்றமும் என்றால் நடந்தே நாலரை மணி. வெட்டு நேரம் அதற்கு மேல் இருந்தால் நிம்மதியாக நடந்து ஏறலாம், ஓட்டத்தைச் சமதரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

போட்டியன்று கூட்டத்தின் பின்னால் நில்லுங்கள். பழைய சுளுக்குக் கால் என்றால் டேப்போ பிரேஸோ கட்டுங்கள், அது மறுபடி பிசகுவதைக் குறைக்கிறது. வலியை அமுக்கிக்கொண்டு ஓடலாம் என்று டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், நிறுத்தச் சொல்லும் வலியும் மறைந்துவிடும். நொண்ட ஆரம்பித்தால் அடுத்த தண்ணீர்ச் சாவடியில் நின்றுவிடுங்கள். அந்த முடிவை ஓடும்போது எடுக்க மனசு வராது, முதல் நாள் இரவே வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

முடித்த பிறகு ஒரு வாரம் இறக்கம் வேண்டாம். தொடை வலி அடங்கியதும் அந்தக் குதிகால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காயம்பட்ட காலின் எண்ணிக்கை போட்டிக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தால் அடுத்த போட்டிக்கு இப்போதைக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.