செகன்டினியின் மலைகளைப் பார்ப்பது எப்படி?

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஓவியர் ஜோவன்னி செகன்டினியின் ‘வாழ்வு, இயற்கை, மரணம்’ (1896–99) என்ற மூன்று பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. தலைப்பை உடனே படிக்காதீர்கள். படித்தால் கண் சோம்பிவிடும்.

முதலில் கிட்டப் போங்கள், காவலர் முறைக்காத தூரம் வரை. வண்ணங்களைக் குழைக்காமல் மெல்லிய கோடுகளாக அடுத்தடுத்து இழுத்திருப்பார், நடுநடுவே எதிர்வண்ணம் (சிவப்புக்குப் பச்சை போல). கோடு ஓடும் திசையைப் பின்பற்றினால் புல்லும் பாறையும் பிரிந்து தெரியும். பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். கோடுகள் மறைந்து வெளிச்சம் எழும் இடத்தில் நின்றுவிடுங்கள். கைபேசியில் இது கிடைக்காது; படம் சுருங்கும்போது கோடுகள் ஒன்றாகி நிறம் மங்கிவிடும்.

பொருள் தேடுவது இதற்கு அப்புறம்தான். எந்தப் பருவம், எந்தப் பொழுது, மனிதர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்று பாருங்கள். ‘மரணம்’ ஓவியத்தில் பனிக்கால மலையடிவாரத்தில் ஒரு சவ ஊர்வலம் புறப்படக் காத்திருக்கிறது. மேலே பெரிய மேகம். அந்த மேகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.