கரண்ட் போனால் சம்ப் வழிகிறதா? நான் விட்ட தவறுகளை நீங்கள் விடாதீர்கள்

போன வாரம் ஆரையம்பதியில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். நாலடி மீன்தொட்டி, கீழே புதுச் சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் இறங்கி வடிந்து, மோட்டரால் திரும்ப மேலே ஏறும் கீழ்த்தொட்டி. எஸ்லோன் பைப்பெல்லாம் நேர்த்தியாக ஒட்டியிருந்தார். ஆனால் மோட்டர் ஓடும்போதே சம்ப்பில் தண்ணீர் விளிம்புக்கு மூன்று விரல் கீழே நின்றது.

"மோட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ரிட்டர்ன் பைப்பில ஒருவழி வால்வு போட்டிருக்கன் அண்ணன், தண்ணி திரும்பாது."

2022இல் நான் சொன்னதும் இதேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

வால்வை நம்பிச் சம்ப்பை நிரப்புவது

கரண்ட் போனதும், மோட்டர் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பைப் சைபனாக மாறி, மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். பைப்பின் வாய் வெளியே தெரிந்து காற்றுப் புகுந்தால்தான் நிற்கும். 120க்கு 45 சென்ரிமீற்றர் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் 5.4 லீற்றர். வாய் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால் 27 லீற்றர் இறங்கும். 75க்கு 30 சம்ப்பில் அது 12 சென்ரிமீற்றர் ஏற்றம். மூன்று விரல் இடம் எங்கே காணும்?

வால்வு சரியாகப் பிடித்தாலும், மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பொக்ஸின் பல்லுக்கு மேலே நின்ற தண்ணீரும் பொக்ஸில் இருந்ததும் இறங்கியே தீரும். தம்பி வீட்டில் பிளக்கைப் பிடுங்கியபோது அதுதான் நடந்தது. வால்வு புதிது, நன்றாகவே பிடித்தது. ஆனாலும் தண்ணீர் விளிம்பைத் தொட்டது, இரண்டு வாளி அள்ளி ஊற்றினோம்.

என் வால்வு பிடிக்கவும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். முதல் சில வெட்டுகளில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஓரிரவு எல்லாரும் தூங்கும்போது சம்ப் வழிந்து, தரையில் கிடந்த மல்டி பிளக் நனைந்தது. கரண்ட் திரும்பி வந்ததும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. ஊரெல்லாம் வெளிச்சம், என் தொட்டியில் மட்டும் காற்று மோட்டர்கூட ஓடவில்லை. விடிந்து பார்த்தால் இரண்டு ஒஸ்கார் மீனும் செத்து மிதந்தன. வால்வைக் கழற்றினேன். மடலுக்கும் வளையத்துக்கும் நடுவே மிளகளவு நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்தது.

ஆகவே, வால்வு இல்லை என்று நினைத்தே அமையுங்கள். ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கீழே மட்டும் வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்னத் துளை போட்டால் சைபன் சீக்கிரம் அறும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும், கிழமைக்கு ஒருமுறை ஈர்க்கால் குத்திவிடுங்கள். பிறகு மோட்டரை நிறுத்தி, இறங்குவதெல்லாம் இறங்கட்டும். அந்த நிலையில் விளிம்புக்கு நாலு சென்ரிமீற்றராவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். இப்போது மோட்டரைப் போட்டு, ஓடும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

காய்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் ஆவியாகி, சம்ப்பில் மோட்டர் இருக்கும் அறையில் மட்டம் சீக்கிரம் இறங்கும். மோட்டர் ஓடும்போது, கோடு வரைக்கும் மட்டுமே ஊற்றுங்கள்.

ஒற்றை வடிகால்

இலையோ நத்தையோ, சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் வடிகாலை அடைத்தால் வழிவது மேல்தொட்டி. சோதிப்பது லேசு: வடிகாலைக் கையால் பொத்திக்கொண்டு மோட்டரை ஓடவிடுங்கள். மேலே வழியும் முன் மோட்டர் அறை வற்றிக் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் சரி. உறிஞ்சத் தொடங்கிய உடனே நிறுத்திவிடுங்கள், மோட்டர் வெறுமனே ஓடக் கூடாது. அதற்கு முன்பே மேலே வழிந்தால் மோட்டர் அறையில் தண்ணீர் அதிகம். சற்று உயரத்தில் இரண்டாவது பைப் ஒன்றும் வையுங்கள்.

வடிகால் வால்வைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பது

ஒற்றைப் பைப்பில் வேண்டாம்.

தொங்கவிடும் யூ பைப்

துளை போடாமல் விளிம்புக்கு மேலால் தண்ணீரை இறக்கும் பைப் இது. உள்ளே காற்றுச் சேர்ந்தால் இழுப்பு அறும், மோட்டர் நிற்காது, மேல்தொட்டி வழியும். தொட்டி செய்யும்போதே கண்ணாடியில் துளை போடச் சொல்லுங்கள்.

தரையில் மல்டி பிளக்

சுவரில், சம்ப்பை விட உயரத்தில் மாட்டுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறட்டும், வழியும் துளி அங்கேயே சொட்டிவிடும்.