கார் ஏ.சி.யில் கேஸ் கசியும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

சித்திரை வெயிலில் பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் ஏ.சி. குளிரவில்லை என்றால், நம்மில் பலர் உடனே கேஸ் ஏற்றிக்கொள்கிறோம். ஆனால் ஏ.சி.யில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாவது அன்று. ஹோஸ்கள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். ஒரே கோடையில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் கேஸ் ஏற்றுவது வீண் செலவு.

முதலில் கண்டென்சரை, அதாவது காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் பாகத்தைப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் ஓடும் கார்களில் பஞ்சுத் தூசி அதன் மீது படிந்து காற்றை அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது கேஸ் நிறைவாக இருந்தாலும் குளிர்ச்சி குறையும். மென்மையாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, விசிறி சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சில மணி நேரம் நிழலில் நின்ற காரில், என்ஜினை இயக்காமல், கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் வால்வில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டுங்கள். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ வகை கேஸ் என்றால் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். அதைவிட மிகவும் குறைந்திருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ஆனால் 97 காட்டினால் கேஸ் முழுமையாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் கேஜ் அதே அளவைத்தான் காட்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இனி கண்ணால் தேடலாம். கம்ப்ரஸர் ஆயில் கேஸுடன் கலந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்க சீல், ஜல்லி லாரிகளின் பின்னால் போகும்போது கல் தெறித்து அடிபடும் கண்டென்சர் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடங்களிலும், மூடியைக் கழற்றிய சர்வீஸ் வால்வின் வாயிலும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும். குளிர்க்குழாய்ப் பக்கத்தை என்ஜின் நின்றிருக்கும்போதே சோதியுங்கள், ஏனெனில் ஓடும்போது அங்கே அழுத்தம் இறங்கிவிடும்.

டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த கேஸ் காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது என்பதால், தண்ணீர் வடியும் குழாயின் வாயில், ஈரம் படாமல் எலக்ட்ரானிக் டிடெக்டரைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

கேஸ் முற்றிலும் தீர்ந்திருந்தால் பட்டறையில் நைட்ரஜன் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். ஆக்சிஜனையோ டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் காற்றையோ ஏற்றுவது பேராபத்து. உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்து, வெற்றிடம் நிற்கிறதா என்று பார்க்கும் வெற்றிடச் சோதனை கசிவு உண்டு என்பதைக் காட்டலாமே தவிர, இடத்தைக் காட்டாது.

இந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பதால் தோலில் பட்டால் உறைபனிப் புண் உண்டாகும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். அருகில் நெருப்பு கூடாது. மிஞ்சிய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் பட்டறையின் மீட்பு இயந்திரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கசிவைச் சரிசெய்து, வெற்றிடம் எடுத்த பின், பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் கிராம் அளவை எடை போட்டே ஏற்றச் சொல்லுங்கள்.