நீயுமா, புரூட்டஸ்: அந்தக் கடைசிக் குத்தை மேடையேற்றும் முறை

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைத் தமிழில் போடும்போது, நேரம் போதவில்லை என்று இரண்டாம் அங்கத்தின் 2ஆம் காட்சியை வெட்டிவிடாதீர்கள். கொலை நடக்கும் காலையில், சீசரைக் கொல்லச் சதி செய்தவர்களில் ஒருவரான அவருடைய நண்பர் புரூட்டஸ் சீசர் வீட்டுக்கு வருகிறார். சீசர் மது தந்து உபசரித்து, ‘நண்பர்களைப் போலச் சேர்ந்தே போவோம்’ என்கிறார். அந்தப் ‘போல’ என்ற சொல்லில்தான் புரூட்டஸ் தமக்குள் நொந்துபோகிறார். இதைக் காணாதவர்களுக்குப் பிறகு விழும் கத்தி வெறும் கொலைதான்.

வசனத்தில் விகுதி முக்கியம். தனிமொழியில் புரூட்டஸ் சீசரை ‘அவர்’ என்றே சொல்லட்டும். தமக்குச் சொந்தப் பகை இல்லை என்று அங்கேதான் சொல்கிறார். ‘அவன் சாகவேண்டும்’ என்று எழுதினால் அப்போதே வில்லனாகிவிடுவார்.

மூன்றாம் அங்கத்தில் சதிகாரர்களில் ஒருவரான மெட்டெல்லஸ் மண்டியிட்டதும் புரூட்டஸ் சீசர் கையை முத்தமிடுகிறார். இதை அவசரமாகக் கடப்பதே பெரிய தவறு. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ (கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும்) என்ற 828ஆவது குறளைக் கண்ணால் காட்டும் இடம் இது. வலக் கை சீசர் கையைத் தாங்க, இடக் கை உடையின் மடிப்பை அழுத்தியிருக்கட்டும். குறள் பேசுவது பகைவரை, புரூட்டஸோ நேசிப்பவர். முத்தம் உண்மையாகவே இருக்க வேண்டும்.

முதல் குத்து இன்னொரு சதிகாரரான காஸ்காவுடையது, பின்னாலிருந்து. மற்றவர்கள் ஒவ்வொருவராக; எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்தால் சீசர் முகம் மறைந்துவிடும். பிறகு நான்கு எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது. சீசர் தள்ளாடி நண்பனைத் தேடி வரட்டும். புரூட்டஸின் குத்து விழுந்ததும் ‘நீயுமா, புரூட்டஸ்?’ போதும். வசனத்தை நீட்டினால் சாகும் மூச்சு பொய்யாகும்.

ரப்பர் கத்தியே நல்லது. ஸ்பிரிங் கத்தி சிக்கிக்கொண்டால் காயம் நிஜமாகிவிடும். பார்வையாளருக்குத் தெரியாத பக்கத்தில், உடலிலிருந்து ஒரு சாண் தள்ளியே குத்துங்கள்.

ரத்தத்துக்கு 1 கப் கார்ன் சிரப், கால் கப் தண்ணீர், 2 தேக்கரண்டி சிவப்பு உணவு நிறம், 2 சொட்டு நீலம், 1 தேக்கரண்டி கொக்கோ தூள். பாண்டோங் என்ற ரோஜா பால் பானத்தில் ஊற்றும் சிராப் வேண்டாம். நீர்த்துப்போய் வெள்ளைத் துணியில் ரோஜா நிறமாகப் பரவும். உடைக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைகளில் கரையில்லாத பருத்தித் துணி வாங்குங்கள். பாலியெஸ்டரில் ரத்தம் ஊறாமல் வழியும். மேடையை அன்றிரவே துடையுங்கள், எறும்பு மொய்க்கும்.

ரத்தத்தில் கை நனைக்கச் சொல்பவரும் புரூட்டஸ்தான். சற்று நேரத்தில் சீசரின் நண்பர் ஆண்டனி வந்து ஒவ்வொருவர் கையாகப் பற்றுவார், முதலில் புரூட்டஸ் கையை. முத்தத்தின்போது சீசர் கையைத் தாங்கிய அதே வலக் கையை, ரத்தம் காயுமுன், பற்றட்டும்.