ஒக்டோபரோடு நின்றுவிடாமல் பிள்ளைகளை வருசம் முழுக்க வாசிக்க வைக்க

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று பாடசாலையிலும் நூலகத்திலும் ஒரே பரபரப்பு. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சான்றிதழ் எல்லாம் நடக்கும். நவம்பரில் மழை தொடங்கும், புத்தகமும் அலுமாரிக்குள் போய்விடும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிள்ளைகளின் வாசிப்பு அறுந்து போகிற இடம் இதுதான். அதனால் வீட்டில் வைக்கிற வாசிப்புச் சவாலை ஜனவரியில் இல்லாமல் இந்த மழையிலேயே தொடங்குங்கள்.

பிரித்தானியாவின் பொது நூலகங்களில் 1999 முதல் கோடைகால வாசிப்புச் சவால் ஒன்று நடந்து வருகிறது. நீண்ட விடுமுறைக்குள் ஆறு புத்தகம் வாசித்தால் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய எண் அது, எனக்கு அதில் பிடித்ததும் அதுதான். ஆனால் எங்களுக்கு அப்படி ஒரே ஒரு நீண்ட கோடை விடுமுறை கிடையாது, தவணைக்குத் தவணை துண்டு துண்டாகத்தான் வரும், நடுவில் வெள்ளம், வயல் வெட்டு, கச்சான் காற்று (நடு வருசத்தில் வீசுகிற தென்மேற்குக் காற்று), திருவிழா, நோன்பு, பரீட்சை என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஆகவே வருசத்தை நாலு சுற்றாக்குங்கள், சுற்றுக்கு ஆறு கிழமை, வாசித்த நாட்களைக் குறிக்க ஒரு அட்டை. இடையில் அட்டையும் இல்லை, கணக்கும் இல்லை, பிள்ளை விரும்பினால் வாசிக்கட்டும்.

சரி, அட்டையை எப்படிப் போடுவது? ஒரு மட்டையை வெட்டி 30 கட்டம் கீறுங்கள். ஆறு கிழமைக்கு 42 நாள் வரும், மிச்சம் 12 நாள் காய்ச்சலுக்கும் கலியாண வீட்டுக்கும் சோம்பலுக்கும். பதினைந்து நிமிடம் வாசித்தால் ஒரு கட்டத்துக்குக் கலர் அடிக்கலாம். புத்தகத்தை எண்ணாதீர்கள், வாசித்த நாட்களை எண்ணுங்கள். புத்தகத்தை எண்ணத் தொடங்கினால் பிள்ளை மெல்லிய புத்தகமாகத்தான் தேடும், தடித்த கதைப்புத்தகத்தோடு நாலு நாள் இருக்கிற பிள்ளைக்கு எப்போதும் பின்னுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னப்பிள்ளைக்கு யாராவது வாசித்துக் காட்டினால் அதுவும் ஒரு கட்டம்தான்.

30 கட்டத்தில் ஐந்தாறை மட்டும் சின்னச் சின்ன வேலையாக வையுங்கள். தம்பிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை முழுக்க வாசி. எங்கள் பகுதி ஆள் ஒருவரைப் பற்றித் தேடி வாசி (1892 இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளில் தொடங்கலாம்). பிடிக்காத புத்தகம் ஒன்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லு. இந்தக் கடைசி வேலையைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் மூடி வைக்கலாம் என்று தெரிந்த பிள்ளைதான் அடுத்த புத்தகத்தைப் பயமில்லாமல் திறக்கும்.

முதல் சுற்று மழைக்கு. ஒக்டோபரிலேயே நூலகத்துக்குப் போய், ஒவ்வொருவர் பெயரிலும் எடுக்கக்கூடிய அளவு புத்தகம் எடுத்து வந்துவிடுங்கள், பிறகு பாதை வெள்ளத்தில் போனால் போக முடியாது. எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் நூலகரிடம் முதலே பேசி வையுங்கள். எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வைப்பது முக்கியம். கரண்ட் போகிற இரவில் ரோச் வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும்.

இரண்டாவது பெப்ரவரி, மார்ச்சில். பெரும்போக வெட்டு நேரம் என்றால் அம்மா அப்பா வயலில் நிற்பார்கள், அட்டையைக் கவனிக்கிற பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். மூன்றாவது கச்சான் காற்று வீசுகிற நாட்களில். உச்சி வெயிலில் வெளியே விளையாட முடியாது, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் போட்டுப் படுத்துக்கொண்டே வாசிக்கலாம். வைகாசிச் சடங்கு நேரம் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை (கண்ணகி கதையைச் சொல்லும் பாடல்) படிக்க ஊரே இருந்து கேட்கும், பிள்ளையும் அதேபோல வீட்டில் பெரியவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினால் அம்மம்மாவுக்கும் சந்தோசம், பிள்ளைக்கும் தமிழ் நாக்கில் ஏறும். நாலாவது ஓகஸ்ட், செப்டெம்பரில். காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் நோன்பு வருசா வருசம் ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு நகரும், ஆகவே அது விழுகிற சுற்றில் மட்டும் அஸர் (பின்னேரத் தொழுகை) நேரத்துக்கும் நோன்பு திறப்புக்கும் இடையில் நேரத்தை வைத்துப் பாருங்கள்.

பரிசு பற்றிக் கொஞ்சம் நிறைய எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் செய்து 1973 இல் வெளியான பரிசோதனை ஒன்று பிரபலமானது. படம் கீறுவதில் விருப்பமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முதலே சொல்லி, கீறியதும் அதைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகத்தான் கீறினார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு விருப்பம் குறையவில்லை. ஆகவே அட்டை முடித்தால் சைக்கிள், போன் என்று பேரம் பேசாதீர்கள். முடிந்த பிறகு, சொல்லாமல், கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள், அடுத்த சுற்றுக்கான புத்தகத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். முதலாமிடம் இரண்டாமிடமும் வேண்டாம், முடித்த எல்லாருக்கும் ஒன்றுதான்.

புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற தரம் ஐந்து வந்ததும் பல வீடுகளில் கதைப்புத்தகத்தைப் பறித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. புலமைப்பரிசில் பேப்பரிலும் பந்தியை வாசித்து விளங்கித்தானே விடை எழுத வேண்டும், வாசிப்பு எப்படி இடைஞ்சலாகும்? அந்த வருசம் நேரத்தை மட்டும் பத்து நிமிடமாகக் குறையுங்கள், ரியூசன் எல்லாம் முடிந்து படுக்கப் போகும்போது வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள், கேட்டால் அதுவும் இன்னொரு பேப்பராகிவிடும்.

புத்தகத்துக்கு முதல் இடம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள்தான், பிள்ளையின் பெயரிலேயே அங்கத்துவம் எடுங்கள். படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஊர்கள்) நூலகம் தூரமென்றால் பத்து வீடு சேர்ந்து, வீட்டுக்கு மூன்று புத்தகம் போட்டு, ஒரு பெட்டியைக் கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்ற விடுங்கள். பெட்டிக்குள் ஒரு கொப்பி வைத்தால் யாரிடம் எது இருக்கிறது என்று பிள்ளைகளே எழுதிக்கொள்வார்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்துகிற ஸ்டோரிவீவர் இணையத் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகளை இலவசமாக எடுக்கலாம்.

புத்தகம் பிள்ளைக்குப் பாரமா என்று பார்க்க ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, விளங்காத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அல்லது நீங்கள் பக்கத்தில் இருந்து வாசித்துக் கொடுங்கள்.

சுற்றுக்கு நடுவில் இரண்டு கிழமை விட்டுப் போனால், விட்டதையெல்லாம் சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு, மிச்ச நாளுக்கு ஏற்ற மாதிரி பத்துக் கட்டத்தில் புது அட்டை ஒன்றைக் கீறிக் கொடுங்கள்.