மஞ்சள் வயரைக் கழற்றியதும் டிவி தெளிந்தது

புது 43 இன்ச் டிவியில் படம் பழைய டப்பா டிவியைவிட மோசமாகத் தெரிந்தது. எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்ந்தன, சிவப்புச் சேலை என்றால் நிறம் வெளியே வழிந்தது. பின்னால் பார்த்தால், கேபிள்காரர் செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு; படம் முழுக்க அந்த மஞ்சள் வயர் ஒன்றில்தான் வருகிறது, வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து, டிவி அதைப் பிரிக்கும்போதுதான் இந்தக் கசிவெல்லாம். எச்டி படமும் அதில் வராது.

சரி என்று, படமும் ஒலியும் டிஜிட்டலாக ஒரே வயரில் வரும் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டினேன். புள்ளிகள் போயின, ஆனால் எச்டி சேனல்கூட மங்கல்தான். பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் 576 என்று இருந்தது, அதாவது படத்துக்கு 576 கோடுகள்தான், எச்டி அல்லாத பழைய தரம்! 1080 ஆக மாற்றிய பிறகுதான் கிரிக்கெட் மைதானத்தில் புல் புல்லாகத் தெரிந்தது.

கடையில் தங்க முலாம் பூசிய கேபிளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம். ஒன்றரை மீட்டருக்குச் சாதாரணமானதே போதும். டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் படம் மின்னும், விட்டுவிட்டுப் போகும். அப்புறம், எஸ்டி சேனலை, அதாவது எச்டி அல்லாத சாதாரணச் சேனலை, எந்த வயரும் எச்டி ஆக்காது.